குற்றமும் அபராதமும்: அமெரிக்க மாநிலங்களின் கஞ்சாச் சட்ட வரலாறு

1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓர் அவுன்சுக்குக் குறைவான கஞ்சாவை வைத்திருப்பவர் இனிக் குற்றவாளியாகக் கருதப்படமாட்டார். அவர் செய்தது விதிமீறல் மட்டுமே. அதற்கு 100 டாலருக்கு மேற்படாத அபராதம் செலுத்தினால் போதும் என்பதே அச்சட்டத்தின் சாரம். ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28 கிராம். அதே 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெக்சாஸ் மாநிலத்தில் அதே அளவு கஞ்சாவுக்கு இரண்டாண்டு முதல் ஆயுட்காலம் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. ஒரே நாடு, ஒரே செயல். ஆயினும் ஓரிடத்தில் ஆயுட்சிறை, மற்றோரிடத்தில் நூறு டாலர். இவ்வளவு பெரிய வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதையும், அபராதமாக மாறிய தண்டனை உண்மையிலேயே இலகுவாயிற்றா என்பதையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

கஞ்சாவுக்காக வாதாட நாம் முன்வரவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். போதைப் பழக்கத்தால் சிதைந்த குடும்பங்களைச் சந்திக்காத போதகர் எவரும் இரார். நாம் கேட்பது வேறொரு கேள்வி. பாவம் யாதென்று போதிப்பது திருச்சபையின் பணி. குற்றம் யாதென்று வரையறுப்பது அரசின் பணி. இவ்விரண்டும் ஒன்றல்ல என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தண்டிக்க முற்படுவதில்லை என்பதைத் தன்விருப்பத்தைக் குறித்த நூலில் அகுஸ்தீன் எடுத்துக்காட்டினார். அக்வினாஸ் அதை மேலும் விளக்கி, பெரும்பாலான மனிதர் விலக இயலாத தீயொழுக்கங்கள் அனைத்தையும் மனிதச் சட்டம் தடுப்பதில்லை, பிறருக்குக் கேடு விளைவிக்கும் பெருந்தீமைகளையே முதன்மையாகத் தடுக்கிறது என்றார். சீர்திருத்தத் தந்தையரும் நியாயப்பிரமாணத்தின் சமுதாயப் பயனை அதன் பிற பயன்களினின்று பிரித்தே பேசினர். நூல்களில் இவ்வளவு தெளிவாக இருப்பது, காவலர் ஒருவர் தெருமுனையில் ஓர் இளைஞனை நிறுத்திச் சட்டைப் பையைச் சோதிக்கும் நேரத்தில் என்னவாகிறது? அமெரிக்க வரலாறு இதற்குச் சில விடைகளைத் தருகிறது.

முதலில், நம் மரபினர் பெரிதும் மறந்துவிட்ட ஒரு செய்தி. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மெதடிஸ்ட் சபையாரும் பாப்டிஸ்ட் சபையாரும் ஏனைய புராட்டஸ்டாண்டு சபையாரும் பல்லாண்டுகள் ஜெபித்தும் பிரசங்கித்தும் வாக்களித்தும் கொண்டுவந்த சட்டம் அது. அவ்வளவு தீவிரமான இயக்கம் நிறைவேற்றிய 18ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மதுவைச் செய்வதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் இறக்குமதி ஏற்றுமதி செய்வதையும் தடைசெய்ததேயன்றி, குடிப்பதைத் தடைசெய்யவில்லை. தடைக்கு முன்னரே முறைப்படி வாங்கி வைத்திருந்த மதுவைத் தன் வீட்டில் தானும் தன் குடும்பத்தாரும் விருந்தினரும் அருந்துவது குற்றமாகவில்லை. குடிகாரனை இரக்கத்திற்குரியவனாகவும், சாராயக்கடைக்காரனைக் குற்றவாளியாகவும் கண்ட பார்வை அது. அப்பார்வையில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வேறுபாடு அவர்கள் மனத்தில் இருந்தது.

கஞ்சாவைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு எழவேயில்லை. 1937ஆம் ஆண்டின் கஞ்சா வரிச் சட்டம் பெயரளவில் வரிச் சட்டம், செயலளவில் முழுத்தடை. அதற்கு முன்னின்றவர் 1930 முதல் போதைப்பொருள் தடுப்புத் துறையின் தலைவராயிருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த டாக்டர் வில்லியம் உட்வார்டு, போதிய சான்றுகளின்றி இச்சட்டம் கொண்டுவரப்படுகிறது என்று எதிர்த்தார். அவர் சொல் எடுபடவில்லை. கஞ்சா அப்போது மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளரோடும் கறுப்பின இசைக்கலைஞரோடும் இணைத்துப் பேசப்பட்டது. தங்கள் வீட்டுக்கு எட்டாத பொருளாகவே நடுத்தர வகுப்பார் அதை எண்ணினர். எட்டாத பொருளுக்குக் கடுந்தண்டனை விதிப்பதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. 1951இல் பாக்ஸ் சட்டம் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையைக் கட்டாயமாக்கிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதன்முறை பிடிபட்டவருக்கே இரண்டு முதல் பத்தாண்டுச் சிறையும் 20,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாயிற்று.

இந்நிலையை மாற்றியது புதிய மருத்துவக் கண்டுபிடிப்பன்று. புதிய இறையியலும் அன்று. பிடிபட்டவர் யார் என்பதே மாற்றியது. 1965இல் அந்நாடெங்கும் கஞ்சாவுக்காகக் கைது செய்யப்பட்டோர் ஏறக்குறைய 19,000 பேர். 1973இல் அத்தொகை 4,20,000ஐத் தாண்டிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரி மாணவர், வழக்கறிஞரின் மகன், வங்கி அலுவலரின் மகள், ஏன், போதகரின் பிள்ளைகளும் வலைக்குள் வந்துவிட்டனர். மிச்சிகன் மாநிலத்தில் ஜான் சின்க்ளேர் என்ற கவிஞர் இரண்டே இரண்டு கஞ்சாச் சுருட்டுகளை மாறுவேடக் காவலரிடம் கொடுத்ததற்காக 1969இல் பத்தாண்டு வரையிலான சிறைத்தண்டனை பெற்றார். 1971 டிசம்பரில் ஆன் ஆர்பர் நகரில் அவருக்காகப் பெருங்கூட்டம் நடந்தது. சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 1972இல் அம்மாநில உச்சநீதிமன்றம் அச்சட்டத்தையே செல்லாததாக்கிற்று. பல்கலைக்கழக நகரமாகிய ஆன் ஆர்பரின் நகரமன்றம் 1972இல் கஞ்சாவைக் கைவசம் வைத்திருப்பதற்கு ஐந்து டாலர் அபராதம் போதும் என்று விதித்தது. 1973இல் வேறொரு மன்றம் அதை நீக்கிற்று. 1974இல் நகர மக்கள் வாக்களித்து அதை மீண்டும் கொண்டுவந்தனர். ஐந்து டாலர் என்பது தண்டனையா, நகைப்பா என்று அந்நாளில் பலர் கேட்டிருக்கக்கூடும்.

பிடிபட்டவர் தம் பிள்ளைகளானபோதுதான் பெரியோர் மனம் இளகிற்று என்பதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. மனித இரக்கம் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் தன் பிள்ளைக்காகப் பிறந்த இரக்கம் அயலான் பிள்ளை வரை செல்லுமா என்பதே இவ்வரலாற்றின் மையமான சோதனை. இதைப் பின்னர் நியூயார்க் நகரத்தில் காண்போம்.

1970இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அமைத்தபோது, கைவசம் வைத்திருப்பதற்கான தண்டனையைக் குறைத்தது. கஞ்சாவை ஆராய ஓர் ஆணைக்குழுவையும் ஏற்படுத்திற்று. பதின்மூன்று உறுப்பினருள் ஒன்பதின்மரைக் குடியரசுத்தலைவர் நிக்சன் நியமித்தார். தலைவர், பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர். நிக்சனின் கட்சியைச் சேர்ந்தவரே. ஆகவே, கடுமையான அறிக்கை வரும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். 1972 மார்ச்சில் வந்த அறிக்கை வேறுவிதமாக இருந்தது. அரசு ஒரு பழக்கத்தை ஆதரிக்கலாம், நடுநிலை வகிக்கலாம், ஊக்கங்கெடுக்கலாம், வேரோடு அகற்ற முயலலாம் என்று நான்கு வழிகளை அது பிரித்துக் காட்டி, மூன்றாவதையே பரிந்துரைத்தது. பயிரிடுவதும் வாணிகமும் குற்றமாகவே நீடிக்கட்டும். தனியிடத்தில் தன் பயனுக்காக வைத்திருப்பது குற்றமாகாதிருக்கட்டும். பொதுவிடத்தில் ஓர் அவுன்ஸ் வரை வைத்திருந்தால் பொருளைப் பறிமுதல் செய்தால் போதும் என்றது. பழைய மதுவிலக்குச் சட்டம் குடிப்பவனைத் தண்டிக்கவில்லை என்ற நினைவு இவ்வாறு அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்தது எனலாம். நிக்சன் அறிக்கையை ஏற்கவில்லை.

இந்தியத் தொடர்பு ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அமெரிக்காவில் இவ்விவாதம் சூடுபிடித்த 1969இல் அங்கே மறுபதிப்பாக வெளிவந்த ஒரு பழைய ஆவணம், 1893-94ஆம் ஆண்டுகளின் இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவின் அறிக்கையாகும். அவ்வாணைக்குழு ஏற்படக் காரணமாயிருந்தவர், 1893 மார்ச்சில் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் கேள்வியெழுப்பிய டபிள்யூ. எஸ். கெய்ன். இவர் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்தவர். ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மருமகன். 1888இல் ஆங்கிலோ-இந்திய மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இந்தியாவில் அரசாங்கம் ஆப்காரி வருமானத்தை நம்பி வாழ்வதை ஓயாமல் கண்டித்தவர். ஆணைக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்தது. மிஷனெரிமாரும் அவர்களுள் இருந்தனர். மிதமாகப் பயன்படுத்துவதால் பெருங்கேடு விளைவதாகச் சான்றில்லை; மிதமிஞ்சினால் கேடுண்டு; முழுத்தடை தேவையில்லை; உரிமமும் வரியுமே தக்க வழி என்பது அதன் முடிவு. கெய்ன் எதிர்பார்த்தது இதுவன்று. கேட்டவர் விரும்பாத விடையைத் தரும் ஆணைக்குழுக்கள் நிக்சன் காலத்துப் புதுமையல்ல.

மத்திய அரசு ஏற்காததை மாநிலங்கள் ஏற்றன. ஒரிகன் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டாம் மெக்கால். ஓராண்டிற்குப் பின் அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், சட்டம் மாறியதால் கஞ்சாப் பழக்கம் பெருகிவிட்டதென்று காணப்படவில்லை. இது மற்ற மாநிலங்களுக்குத் துணிவளித்தது. 1975இல் அலாஸ்கா, மெய்ன், கொலராடோ, கலிபோர்னியா, ஒகையோ, 1976இல் மின்னசோட்டா, 1977இல் மிசிசிப்பி, நியூயார்க், வட கரோலினா, 1978இல் நெப்ராஸ்கா. ஒரிகனோடு சேர்த்துப் பதினொரு மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் ஏதோவொரு வடிவில் இவ்வழியைப் பின்பற்றின. மிசிசிப்பியும் நெப்ராஸ்காவும் இப்பட்டியலில் இடம்பெற்றதைப் பார்த்தால், இது ஏதோ கடலோர நகரத்தாரின் தளர்ந்த ஒழுக்கத்தால் வந்த மாற்றமென்று தள்ளிவிட இயலாது.

1977 ஆகஸ்டு 2ஆம் நாள் குடியரசுத்தலைவர் ஜிம்மி கார்ட்டர் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், ஓர் அவுன்ஸ் வரையிலான கஞ்சாவுக்கு மத்திய அரசின் குற்றத்தண்டனைகளை நீக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒரு பொருளை வைத்திருப்பதற்கான தண்டனை, அப்பொருளால் மனிதனுக்கு உண்டாகும் கேட்டைவிடப் பெரிதாக இருக்கலாகாது என்பதே அவர் வாதம். தென்பகுதி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கார்ட்டர், வாஷிங்டனில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த நாட்களிலும் ஓய்வுநாள் பாடசாலை வகுப்பு நடத்தியவர். அவர் கஞ்சாவை நல்லதென்று சொல்லவில்லை. அவர் அளந்தது தண்டனையின் பாரத்தை.

இவ்விடத்தில் உபாகமம் 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. குற்றவாளியை நாற்பது அடிக்கு மேல் அடிக்கலாகாது என்று அங்கே சொல்லப்பட்டதற்கான காரணம், அடி தாங்கமாட்டான் என்பதன்று. அளவுமீறினால், அடிபடுகிறவன் சகோதரன் என்பதே பார்ப்பவர் கண்களுக்கு மறைந்துபோகும் என்பது. தண்டனை முடிந்தபின் அவன் மீண்டும் சபையில் நிற்க வேண்டியவன். அமெரிக்கச் சட்டத்தில் இக்காலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. கஞ்சாவுக்காகச் சிறையில் கழித்த நாட்கள் சிலவே ஆனாலும், குற்றப் பதிவு ஆயுள் முழுவதும் கூடவே வந்தது. வேலைக்கு விண்ணப்பித்தால் பதிவு தேடப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாய் அரசு வாடகைக் குடியிருப்பிலிருந்து குடும்பத்தையே வெளியேற்ற வழியுண்டாயிற்று. பேரன் செய்ததற்காகப் பாட்டியை வெளியேற்றுவதும் செல்லும் என்று 2002இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம், போதைப்பொருள் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையை நிறுத்திற்று. கொள்ளையடித்துத் தண்டனை பெற்ற மாணவனுக்கு அத்தகைய தடை இல்லை! நன்னடத்தைச் சான்றுக்காகப் போதகரிடம் வந்து நிற்கும் இளைஞர்களை நாம் அறிவோம். தாளில் எழுதப்பட்ட ஒரு வரி ஒருவனுடைய வாழ்வில் என்ன செய்யக்கூடும் என்பதை நமக்கு விளக்கவேண்டியதில்லை. குற்றத்தை அபராதமாக மாற்றுவதன் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. அபராதம் செலுத்தியவுடன் காரியம் முடிகிறது; அல்லது, முடியவேண்டும்.

முடிந்ததா? நியூயார்க்கின் கதை இதற்கு விடையளிக்கும். 1977இல் ஆளுநர் ஹியூ கேரி கையெழுத்திட்ட சட்டப்படி, 25 கிராமுக்கு உட்பட்ட கஞ்சாவை வைத்திருப்பது விதிமீறல். முதன்முறைக்கு 100 டாலர் வரை அபராதம். ஆயினும் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. பொதுவிடத்தில் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி கஞ்சாவை வைத்திருந்தாலோ புகைத்தாலோ அது குற்றமாகவே நீடிக்கும். தெருவில் வெளிப்படையாகப் புகைப்பதைத் தடுக்க வைத்த இவ்விலக்கு நியாயமானதென்றே தோன்றும். ஏறக்குறைய இருபதாண்டுகள் அதனால் பெரிய தொல்லை எழவில்லை. 1990களின் நடுப்பகுதி முதல் நகரக் காவல்துறையின் போக்கு மாறிற்று. சிறு ஒழுங்கீனங்களைத் தடுத்தால் பெருங்குற்றங்கள் குறையும் என்ற கொள்கையின்படி, தெருவில் செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் பெருகிற்று. 2011ஆம் ஆண்டில் மட்டும் 6,85,000க்கும் மேற்பட்ட முறை மக்கள் இவ்வாறு நிறுத்தப்பட்டனர்.

ஓர் இளைஞனைக் காவலர் நிறுத்துவார். பையிலிருப்பதை வெளியே எடு என்பார். அவன் பணிந்து எடுப்பான். சட்டைப் பைக்குள் இருந்தவரை நூறு டாலர் விதிமீறலாக இருந்தது, கைக்கு வந்தவுடன் பொதுவிடத்தில் பிறர் கண்ணுக்குத் தெரியும் கஞ்சாவாகிக் கைதுக்குரிய குற்றமாயிற்று. கீழ்ப்படிந்ததே அவனைக் குற்றவாளியாக்கிற்று. விலங்கு, விரல்ரேகை, ஓரிரவு காவல் அறை, மறுநாள் நீதிமன்றம். 1977இல் குற்றமல்லவென்று விதித்த மாநிலத்தின் தலைநகரல்லாத இப்பெருநகரில், 2010இலும் 2011இலும் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் கஞ்சாவுக்காகக் கைதாயினர். அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்துகின்றனர் என்பதையும், 2010இல் நாடு முழுவதிலும் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைப்போல் 3.7 மடங்கு இருந்தது என்பதையும் அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. பல்கலைக்கழக விடுதியில் இருப்பவனை நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்ல எவரும் வருவதில்லை. 1970களில் தம் பிள்ளைகளுக்காக இளகிய சட்டத்தின் நன்மை அப்பிள்ளைகளைப் போன்றோரிடமே தங்கிவிட்டது. அதே சட்டப் புத்தகம் வேறொரு தெருவில் வேறுவிதமாக வாசிக்கப்பட்டது.

இதைச் சட்டத்தின் குறையென்று மட்டும் சொன்னால் போதாது. சட்டத்தின் எழுத்து நன்றாகவே இருந்தது. விலக்கின் நோக்கமும் தவறானதன்று. சட்டத்தை இயற்றியவர்கள், தெருவில் அதை நடத்தப்போகிற கையை எண்ணிப் பார்க்கவில்லை. 2011 செப்டம்பரில் நகரக் காவல்துறைத் தலைவரே, காவலர் கட்டளையால் வெளியே எடுக்கப்பட்ட கஞ்சாவுக்காகக் கைது செய்யலாகாது என்று சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. 2013இல் மத்திய நீதிமன்றம் அந்நிறுத்திச் சோதிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணாக நடத்தப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. 2014 நவம்பரில் கைதுக்குப் பதில் அழைப்பாணை கொடுக்கும் வழக்கம் தொடங்கிற்று. 2019இல் விலக்கு நீக்கப்பட்டு, அபராதமும் சிறிய அளவுக்கு 50 டாலராகக் குறைந்தது. 2021இல் வயதுவந்தோருக்குக் கஞ்சாவே சட்டப்படி ஏற்கத்தக்கதாயிற்று. 1977இல் சொன்னது நடைமுறைக்கு வர நாற்பதாண்டுகளுக்கு மேல் பிடித்தன.

மாசசூசெட்ஸ் மாநிலம் நியூயார்க்கின் அனுபவத்திலிருந்து ஏதோ கற்றுக்கொண்டது போலத் தோன்றுகிறது. 2008 நவம்பர் 4ஆம் நாள் அம்மாநில மக்கள் நேரடியாக வாக்களித்து, நூற்றுக்கு 65 பேர் ஆதரவுடன், ஓர் அவுன்ஸ் வரையிலான கஞ்சாவுக்கு 100 டாலர் சிவில் அபராதம் மட்டும் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றினர். மாநிலத்தின் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அதனை எதிர்த்து நின்றனர். குற்றப் பதிவு உண்டாகலாகாது. கல்வி உதவி, குடியிருப்பு, வாகன உரிமம் ஆகியவற்றை இதற்காக மறுக்கலாகாது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோராயின் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். போதைப்பொருள் விழிப்புணர்வு வகுப்பிலும் சமுதாயப் பணியிலும் அவர்கள் ஈடுபட வேண்டும். தவறினால் அபராதம் 1,000 டாலர் வரை உயரும். 2009 சனவரி 2ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2011இல் அம்மாநில உச்சநீதிமன்றம் மேலும் ஒரு படி சென்று, இது குற்றமல்லாத காரணத்தால், எரிந்த கஞ்சாவின் வாசனை மட்டும் காவலருக்கு ஒருவரை வாகனத்திலிருந்து இறங்கச் சொல்லும் உரிமையைத் தராது என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் அடைபடாமலிருந்த வாசல் இங்கே அடைபட்டது. சட்டத்தின் சொல் மாறினால் காவலரின் கையும் அதற்கேற்ப மாறவேண்டும் என்பதை நீதிமன்றம் எடுத்துரைத்த சிறப்பான தீர்ப்பு இதுவென்பது நம் கருத்து.

இனி அபராதத்தைப் பற்றியே சிறிது கேட்கவேண்டும். நூறு டாலர் எல்லாருக்கும் ஒரே நூறு டாலரா? லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தில் குற்றநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர இயலாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் இயலாதவன் சிறிதளவு மாவைக் கொண்டுவரலாம். ஒரே பிழை, மூன்று விதமான காணிக்கை. பலன் மூவருக்கும் ஒன்றே. இக்கால நாடுகளுள் பின்லாந்து 1921 முதல் குற்றவாளியின் நாள்வருமானத்தைக் கணக்கிட்டு அபராதம் விதித்து வருகிறது. அமெரிக்க மாநிலங்களின் கஞ்சா அபராதங்களில் இத்தகைய ஏற்பாடு இல்லை. செலுத்த இயலாதவனுக்கு அபராதம் அழைப்பாணையாகிறது. ஒருநாள் கூலியை விட்டு நீதிமன்றத்துக்கு வராதவனுக்கு அழைப்பாணை பிடியாணையாகிறது. நியூயார்க் நகரில் இத்தகைய சிறு விதிமீறல்களுக்காகப் பிறப்பிக்கப்பட்டு நிலுவையிலிருந்த பிடியாணைகள் பத்து இலட்சத்துக்கும் மேலிருந்தன. கஞ்சா மட்டுமல்ல, பூங்காவில் காலந்தாழ்த்தி இருந்தது, தெருவில் மது அருந்தியது போன்றவையும் அவற்றுள் அடங்கும். 2017 ஆகஸ்டில் நான்கு மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் பத்தாண்டுகளுக்கு மேற்பட்டவற்றுள் ஏறக்குறைய 6,44,000 பிடியாணைகளை ஒரே முறையில் நீக்கினர். நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில், எதிராளியோடு வழியிலே ஒப்புரவாகாதவன் சிறைக்குப் போய்க் கடைசிக் காசு தீருமட்டும் வெளிவரமாட்டான் என்று சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த கலிலேயாவின் ஏழைகளுக்கு அது உவமையாக மட்டும் பட்டிராது.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரிகன் மாநிலமே 2020 நவம்பரில் இதைவிடத் துணிகரமான ஒரு சோதனையில் இறங்கிற்று. 110ஆம் மக்கள் முன்மொழிவு என்ற சட்டத்தால், கஞ்சா மட்டுமன்று, ஹெராயின், மெத்தாம்பெட்டமின் முதலிய எல்லாப் போதைப்பொருள்களையும் சிறிதளவு கைவசம் வைத்திருப்பது 100 டாலர் விதிமீறலாயிற்று. ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உடல்நல ஆலோசனை பெற்றால் அந்த நூறு டாலரும் தள்ளுபடி. நூற்றுக்கு 58 பேர் அதனை ஆதரித்தனர். 2021 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை நிலையங்களுக்கு ஒதுக்கிய பணம் போய்ச்சேரக் காலதாமதமாயிற்று. அதே ஆண்டுகளில் ஃபென்டனில் என்னும் கொடிய பொருள் அம்மாநிலமெங்கும் பரவிற்று. அந்த எண்ணுக்கு அழைத்தவர் மிகச் சிலரே. அபராதச் சீட்டுகளில் பெரும்பாலானவை செலுத்தப்படாமலே கிடந்தன. தெருவோரங்களில் மயங்கிக் கிடந்தோரைக் கண்டு பொதுமக்கள் மனம் மாறினர். 2024 ஏப்ரலில் ஆளுநர் டினா கோட்டெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட, செப்டம்பர் 1 முதல் அப்பொருள்களை வைத்திருப்பது மீண்டும் குற்றமாயிற்று. 1973இல் பலித்தது 2021இல் பலிக்கவில்லை. கஞ்சாவும் ஃபென்டனிலும் ஒன்றல்ல என்பது ஒரு காரணம். பிடிபட்டவனுக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட்டால், அது அவனை விடுவிப்பதாகாது, கைவிடுவதாகும் என்பது மற்றொன்று. சிகிச்சைக்கு அழைத்துச்செல்ல ஆளில்லாத இடத்தில் தொலைபேசி எண்ணால் என்ன பயன்? இதை ஒரு காரணமாகக் கொண்டு 1973ஆம் ஆண்டின் சட்டமும் தவறென்று வாதிடுவோர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை.

கஞ்சாவைப் பொறுத்தமட்டில் 2024ஆம் ஆண்டின் மாற்றம் ஒரிகனில் எதையும் திருப்பவில்லை. அங்கே 2014ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பாலேயே அபராதத்தின் காலம் முடிந்து, வரி செலுத்தி வாங்கும் காலம் தொடங்கிவிட்டது. மாநில வரி 17 விழுக்காடு. பள்ளிகளுக்கும் காவல்துறைக்கும் போதை மறுவாழ்வுப் பணிகளுக்கும் அதில் பங்குண்டு. உரிமமும் வரியும் என்று 1894இல் இந்திய ஆணைக்குழு சொன்ன இடத்துக்கே ஒரிகன் வந்து சேர்ந்திருக்கிறது. மக்களின் போதையால் வரும் பணத்தில் ஓர் அரசாங்கம் தன் கணக்கைச் சரிக்கட்டலாமா என்று ஆப்காரி வருமானத்தைக் குறித்து டபிள்யூ. எஸ். கெய்ன் தொடுத்த வழக்கும் அதனோடு கூடவே வந்திருக்கிறது. அதற்கு அன்றும் நேரான விடை கிடைக்கவில்லை.